அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் நிரல்: ஆய்வாளர்களுக்குச் சார்பு நிரலாக்கம்

(விழுப்புரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் கணினித் துறையில் பங்ஷனல் புரோகிராமிங் என்று சொல்லும் சார்பு நிரலாக்கத்தை ஆய்வாளர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். வெளியூரிலிருந்து கொண்டுவந்த புதுச் சரக்காக இதை யாரும் எண்ண வேண்டாம். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2019-இல் புதிதாக வந்தது. அதில் பைத்தான் தொடங்குவதற்கு முன்பே, முதல் பாடமாகவே சார்பு வந்துவிடுகிறது; பாடநூல் அதைச் செயற்கூறு என்கிறது. ஓர் எண்ணின் அடுக்கைத் தற்சுழற்சியால் கணக்கிடும் செயற்கூறும், மீப்பெரு பொது வகுத்தி காணும் செயற்கூறும் அந்தப் பாடத்தில் உள்ளன. அவை எழுதப்பட்டிருக்கும் நடை, ஓகேமல் என்ற சார்பு நிரலாக்க மொழியின் குடும்பத்து நடை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தந்து, தனக்கு வெளியே எதையும் மாற்றாமல் இருக்கும் தூய செயற்கூறு எது, அப்படி இல்லாதது எது என்ற வேறுபாட்டையும் அந்தப் பாடம் சொல்லித் தருகிறது. மயிலத்திலோ செஞ்சியிலோ அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளை பதினேழு வயதில் இதைப் படித்துவிட்டுத்தான் பொதுத்தேர்வு எழுதுகிறது.

பிறகு என்ன நடக்கிறது? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்திலிருந்து பொறியியல் முதல் பருவத்தில் பைத்தான் வருகிறது. அடுத்து சி, அதற்கடுத்து ஜாவா. மூன்றும் தேவையான மொழிகள்தான். ஆனால் பள்ளியில் படித்த அந்த வேறுபாட்டைப் பற்றி நான்கு ஆண்டுகளிலும் பெரும்பாலோரிடம் யாரும் மறுபடி கேட்பதில்லை. முதுநிலையிலும் கேட்பதில்லை. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, முதல் கட்டுரையின் அட்டவணையை நிரப்ப உட்காரும்போது அது வட்டியோடு திரும்பி வருகிறது. போன மாதம் 94.2 வந்த துல்லியம் இந்த மாதம் 91.8 வருகிறது, தரவும் அதே தரவு, நிரலும் அதே நிரல், எது மாறியது என்று தெரியவில்லை என்று ஆய்வு மாணவர்கள் வந்து நிற்பதை இங்கே உள்ள நெறியாளர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் நிறுவனத்தில் எழுதும் நிரல் வாடிக்கையாளருக்கு வேலை செய்தால் போதும். ஆய்வாளர் எழுதும் நிரல் அவருடைய சான்று. அந்த நிரல் என்ன கணக்கிடுகிறது என்பதை இயக்கிப் பார்க்காமலே, படித்தே சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிற விதத்தில் எழுதும் பழக்கத்தைச் சார்பு நிரலாக்கத்தைப் போல வேறு எதுவும் பயிற்றுவிப்பதில்லை. ஆய்வாளர்களுக்கு அதைக் கற்பிக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். வேலைவாய்ப்புக்காகவோ, தன்விவரக் குறிப்பில் இன்னொரு மொழி சேர்வதற்காகவோ இல்லை.

அதே விடை திரும்ப வராத இந்த நோய் நம் ஊரோடு நிற்பதும் இல்லை. பிமென்டெல் என்ற பிரேசில் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிட்ஹப்பில் பொதுவில் கிடக்கும் ஏறக்குறைய 14 லட்சம் ஜூப்பிட்டர் ஏடுகளைத் திரட்டினார்கள். அவற்றில் இயக்கத்தக்கவற்றை மறுபடி இயக்கினார்கள். பிழையின்றி முடிவு வரை ஓடியவை சுமார் 24 விழுக்காடு. ஏட்டில் முன்பே பதிந்திருந்த அதே விடையைத் திரும்பத் தந்தவை சுமார் 4 விழுக்காடு. தேவையான நூலகங்களின் பதிப்பைக் குறித்து வைக்காதது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் பேச்சுக்கு நெருங்கியது. ஜூப்பிட்டரில் நிரல் கட்டம் கட்டமாக இருக்கும், கட்டங்களை எந்த வரிசையிலும் இயக்கலாம். மூன்றாம் கட்டம் ஒரு மாறியை மாற்றும். ஏழாம் கட்டம் அதைப் படிக்கும். நடுவில் நீங்கள் ஐந்தாம் கட்டத்தைத் திருத்தி இரண்டு முறை இயக்கியிருப்பீர்கள். திரையில் இருக்கும் விடை எந்த வரிசையில் பிறந்தது என்பது திரையில் எழுதியிருக்காது. மூன்று நாள் கழித்து எழுதியவருக்கே தெரியாது.

இங்கே கற்பிப்பவரின் வேலை எங்கிருந்து தொடங்க வேண்டும்? வழக்கமாக வரலாற்றிலிருந்து தொடங்குவார்கள். அலான்சோ சர்ச் 1930-களில் லாம்டா கணிதத்தை அமைத்தார், ஜான் மெக்கார்த்தி 1958-இல் லிஸ்ப் மொழியைத் தொடங்கினார், எடின்பரோவில் ராபின் மில்னர் எம்எல் மொழியை உருவாக்கினார், 1987-இல் கூடிய ஆய்வாளர்கள் எடுத்த முடிவால் 1990-இல் ஹாஸ்கெலின் முதல் வரையறை வந்தது. இது நல்ல வரலாறு, படிக்க வேண்டியதும்கூட. ஆனால் ஆய்வு மாணவருக்கு முதல் வகுப்பில் இது வேண்டாம். அவர் வெறும் கையோடு வரவில்லை. பத்தாண்டு நிரலெழுதிய பழக்கமும், பாதி எழுதிய ஒரு கட்டுரையும் அவரிடம் இருக்கின்றன. முதல் வகுப்பு அவர் நாள்தோறும் செய்கிற ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நான் பட்டியலின் கூட்டுத்தொகையிலிருந்து தொடங்குவேன். கரும்பலகையில் இரண்டு வரி:

கூட்டு [] = 0
கூட்டு (த : மீதி) = த + கூட்டு மீதி

வெற்றுப் பட்டியலின் கூட்டுத்தொகை சுழியம். மற்றபடி, தலையில் இருக்கும் எண்ணோடு மீதியின் கூட்டுத்தொகையைச் சேர்க்க வேண்டும். இதில் மடக்கும் இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பு மாறும் மாறியும் இல்லை. வகுப்பில் உடனே ஒருவர் கேட்பார்: “ஐயா, இதை ஃபார் மடக்கில் எழுதினால் என்ன குறைச்சல்?” நியாயமான கேள்வி. அதற்கு நான் விடை சொல்வதில்லை. அதற்குப் பதில் ஒரு கூற்றை நிறுவச் சொல்வேன். அ, ஆ என்று இரண்டு பட்டியல்கள். இரண்டையும் ஒட்டிக் கூட்டினாலும், தனித்தனியே கூட்டி விடைகளைச் சேர்த்தாலும் ஒரே எண்தான் வரும் என்று நிறுவுங்கள்.

பதினோராம் வகுப்புக் கணக்கில் படித்த கணிதத் தொகுத்தறிதல் இதற்குப் போதும். அ வெற்றுப் பட்டியல் என்றால், ஒட்டிய பட்டியல் ஆ-வேதான். முதல் வரிப்படி இரண்டு பக்கமும் சமம். அ-வில் த என்ற தலையும் வ என்ற மீதியும் இருந்தால், இரண்டாம் வரிப்படி ஒட்டிய பட்டியலின் கூட்டு, த-வோடு வ-வும் ஆ-வும் ஒட்டிய பட்டியலின் கூட்டு. வ சிறிய பட்டியல் என்பதால் அதற்குக் கூற்று உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். ஆகவே த + (கூட்டு வ + கூட்டு ஆ). அடைப்புக்குறியை இடம் மாற்றினால் (த + கூட்டு வ) + கூட்டு ஆ. அதுதான் கூட்டு அ + கூட்டு ஆ. முடிந்தது. நிரலின் வரிகளையே கணிதச் சமன்பாடுகளாக எடுத்து, ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தால் மாற்றி மாற்றி நிறுவினோம். மடக்கில் எழுதியிருந்தால் இதையே நிறுவ, ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் இருக்கும் கூற்று எது என்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதுவும் முடியும். ஆனால் யாரும் செய்வதில்லை. ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸே 1977-இல் டூரிங் விருது ஏற்புரையில், மாறிக்கு ஒவ்வொரு மதிப்பாக எடுத்து வைக்கும் இந்த முறையிலிருந்து நிரலாக்கத்தை விடுவிக்க முடியாதா என்று கேட்டார். தான் உலகத்துக்குக் கொடுத்த முறையைத் தானே எழுந்து நின்று கேள்வி கேட்ட பெரிய மனம் அது.

இந்தச் சிறு நிறுவலை வைத்துக்கொண்டு வகுப்பை எங்கெங்கோ அழைத்துப் போகலாம். பட்டியலை இரண்டாகப் பிரித்தால் விடை மாறாது என்றால், நூறாகப் பிரித்தாலும் மாறாது. நூறு கணினிகளில் தனித்தனியே கூட்டிச் சேர்க்கலாம். கூகிளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கேமாவத்தும் 2004-இல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் இந்த எண்ணத்தின் மேல் நிற்கிறது. லிஸ்ப் போன்ற மொழிகளில் இருக்கும் மேப், ரெட்யூஸ் என்ற இரண்டு சார்புகளிலிருந்துதான் தூண்டுதல் பெற்றோம் என்று அந்தக் கட்டுரையிலேயே அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கே கிளவுட் கம்ப்யூட்டிங்கில் ஆய்வு செய்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். மேப்ரெட்யூஸ் முறையில் இயங்கும் ஹடூப்பைக் கணினியில் பொருத்தத் தெரிந்த பலருக்கு, அது ஏன் சரியான விடை தருகிறது என்று சொல்லத் தெரிவதில்லை.

இப்போது அந்த நிறுவலில் நாம் சட்டென்று கடந்து வந்த ஓர் இடத்துக்குத் திரும்புவோம். அடைப்புக்குறியை இடம் மாற்றினோம் அல்லவா? அதற்குக் கூட்டலின் சேர்ப்புப் பண்பு வேண்டும். முழு எண்களுக்கும் மெய்யெண்களுக்கும் அந்தப் பண்பு உண்டு. கணினியின் மிதவைப் புள்ளி எண்களுக்குக் கிடையாது. 64 பிட்டு மிதவைப் புள்ளியில் 1-க்குப் பின்னால் பதினாறு சுழியம் போட்ட எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு 1-ஐக் கூட்டிவிட்டு அதே பெரிய எண்ணைக் கழித்தால் விடை 0. முதலில் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் விடை 1. கூட்டும் வரிசை மாறினால் கூட்டுத்தொகை மாறும். ஜிபியூவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே நேரத்தில் கூட்டும்போது, சில கணக்குகளில் எது முதலில் சேரும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது. கடைசி இலக்கத்தில் விழும் அந்த வேறுபாடு, நரம்பியல் வலையின் பயிற்சியில் ஆயிரம் சுற்றுகளில் பெருகி அட்டவணை வரை வந்து சேரலாம். 94.2 என்பது 91.8 ஆவதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த அனுமானத்தின் மேல் நம் விடை நிற்கிறது என்பதை இரண்டு வரிச் சார்பும் ஆறு வரி நிறுவலும் விரல் வைத்துக் காட்டிவிட்டன. ஆய்வு மாணவர்களின் முகம் மாறுவதை நான் பார்ப்பது இந்த இடத்தில்தான். அவர்களில் பலர் அடுத்த வகுப்புக்குத் தாங்களாகவே தங்கள் நிரலைக் கொண்டுவருகிறார்கள்.

அப்படி வந்த நிரல்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்று உண்டு. நோய் கண்டறியும் படங்கள், பயிர் இலைப் படங்கள், வங்கிப் பரிமாற்றங்கள் என்று எந்தத் தரவாக இருந்தாலும், முதல் வேலையாகச் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கணக்கிட்டு எல்லா எண்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குப் பிறகுதான் பயிற்சித் தரவு, சோதனைத் தரவு என்று பிரிக்கிறார்கள். சோதனைத் தரவின் சராசரி அதற்குள் பயிற்சியில் கலந்துவிட்டது. தேர்வுத்தாளைப் பார்த்துவிட்டு மாணவர் தேர்வெழுதிய மாதிரிதான். நேர்மையின்மையால் இது நடப்பதில்லை. ஒரே மாறியின் பெயரில் பழைய தரவும் புதிய தரவும் மாறி மாறி உட்கார்வதால் நடக்கிறது. நாற்பதாவது வரியில் அந்த மாறிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முப்பத்தொன்பது வரிகளையும் மனத்தில் ஓட்டியாக வேண்டும்.

ஹாஸ்கெலிலோ ஓகேமலிலோ இதற்குத் தரவினங்களால் ஒரு வழி செய்யலாம். பயிற்சித் தரவுக்கு ஓர் இனம், சோதனைத் தரவுக்கு வேறோர் இனம். பிரிக்கும் சார்பு தரவை வாங்கி இந்த இரண்டையும் இணையாகத் தரும். அளவைச் சீராக்கும் கருவியை உருவாக்கும் சார்பு பயிற்சித் தரவை மட்டுமே ஏற்கும். பயிற்சித் தரவு என்ற இனத்தின் மதிப்பை உண்டாக்கப் பிரிக்கும் சார்பைத் தவிர வேறு வழி இல்லாதபடி தொகுதியின் வாசலை அடைத்துவிட வேண்டும். இனி யாராவது பிரிக்காத முழுத் தரவைச் சீராக்கக் கொடுத்தால் நிரல் தொகுக்கப்படாது. ஓடவே ஓடாத நிரல் தவறான அட்டவணையைத் தர முடியாது. ஆய்வுமுறையின் ஒரு விதி, ஆய்வாளரின் நினைவாற்றலை நம்பியிருக்காமல் நிரலின் இனங்களுக்குள் குடியேறிவிடுகிறது. இனங்களைப் பற்றிப் பாடநூல்கள் சொல்லும் எதைவிடவும் இந்த ஓர் உதாரணம் ஆய்வாளர்களிடம் எடுபடுகிறது.

அடுத்துப் பண்புச் சோதனை. ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் கோன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் குயிக்செக் என்ற கருவியை வெளியிட்டார்கள். நிரலைச் சோதிக்க உதாரணங்களை நீங்கள் எழுத வேண்டாம். நிரல் எந்த விதிக்கு எப்போதும் கட்டுப்பட வேண்டும் என்று எழுதுங்கள். கருவி தானாக நூற்றுக்கணக்கான உள்ளீடுகளை உண்டாக்கி, விதி உடையும் இடத்தைத் தேடும். உடைந்தால், உடைக்கும் உள்ளீட்டை முடிந்த அளவு சிறியதாக்கிக் காட்டும். ஆய்வாளருக்கு இது பெரிய வரம். ஏனென்றால் அவருடைய நிரலுக்குச் சரியான விடை என்ன என்பது பல சமயம் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆய்வே வேண்டாமே. ஆனால் விதிகள் தெரியும். படத்தை 180 பாகை இரண்டு முறை சுழற்றினால் பழைய படம் வர வேண்டும். தரவின் வரிசைகளைக் கலைத்துப் போட்டாலும், முன்பு சொன்ன கடைசி இலக்க வேறுபாட்டைத் தவிர, சராசரி மதிப்பீடு மாறக் கூடாது. சென்சார் வலையமைப்பின் உருவகிப்பில் செலவான மின்னாற்றலும் மிஞ்சியதும் சேர்ந்தால் தொடக்க ஆற்றல் வர வேண்டும். இப்படி ஒரு விதியைச் சொல்லவே தெரியாத நிலையில் ஒருவர் நிரல் எழுதுகிறார் என்றால், தன் ஆய்வுக் கேள்வியை அவர் இன்னும் முழுதாக எழுதவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பைத்தானிலும் ஹைப்போதிஸிஸ் என்ற பெயரில் இதே வகைக் கருவி இருக்கிறது.

உருவகிப்பு என்று சொன்னதால் இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். வலையமைப்பு ஆய்வு செய்பவர்கள் தங்கள் உருவகிப்பியை ஒரு சார்பாக எழுதிப் பாருங்கள்: இப்போதைய நிலையும் ஒரு நிகழ்வும் உள்ளே போகும், அடுத்த நிலை வெளியே வரும். வேறு ஒன்றும் கிடையாது. நிகழ்வுகளின் பட்டியலைக் கோப்பில் சேமித்தால், எந்த ஓட்டத்தையும் எப்போது வேண்டுமானாலும் அப்படியே மறுபடி நிகழ்த்தலாம். பிழை வந்த நொடிக்கு முந்தைய நிலையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

“எங்களுக்கு ஹாஸ்கெல் எதற்கு, இயந்திரக் கற்றலில் எல்லாமே பைத்தான்தானே” என்று கேட்பவர்களுக்கு ஜாக்ஸ் நூலகத்தைக் காட்டுகிறேன். கூகிள் 2018-இல் வெளியிட்டது. புரத வடிவங்களைக் கணித்த ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பு 2021-இல் நிரலோடு வெளிவந்தபோது, அந்த நிரல் ஜாக்ஸில் எழுதப்பட்டிருந்தது. வகைக்கெழு காண்பது, வேகமாக ஓடும்படி தொகுப்பது, ஒரே கணக்கைப் பல தரவுகளுக்கு ஒரே வீச்சில் செய்வது ஆகிய மூன்றையும் ஜாக்ஸ் செய்கிறது. மூன்றிலும் அது கேட்பது, கொடுக்கும் சார்பு தூயதாக இருக்க வேண்டும் என்பது. தொகுக்கும்போது ஜாக்ஸ் உங்கள் சார்பை ஒருமுறை நடத்திப் பார்த்து அதன் தடத்தைப் பதிவு செய்துகொள்கிறது. உள்ளே ஓர் அச்சிடும் வரி இருந்தால் அந்த முதல் நடையில் மட்டும் அச்சாகும், பிறகு ஆகாது. வெளியே இருக்கும் ஒரு மாறியைச் சார்பு படித்தால், பதிவான நேரத்து மதிப்பே உறைந்துவிடும். பிறகு அந்த மாறியை மாற்றினாலும் விடை மாறாது, பிழைச் செய்தியும் வராது. தற்போக்கு எண்ணுக்குக்கூட ஜாக்ஸில் ஒளிந்திருக்கும் நிலை கிடையாது. சாவி ஒன்றை நீங்களே கொடுக்க வேண்டும், அதைப் பிரித்துப் பிரித்துப் பயன்படுத்த வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் முதல் பாடம் சொன்ன வேறுபாடு இது. உலகத்தின் முன்னணி ஆய்வுக்கூடத்தின் கருவிக்குள் நிபந்தனையாக நிற்கிறது. பைத்தானின் உடையில் வந்தாலும் இது சார்பு நிரலாக்கம்தான்.

இதைக் கற்க வெகுதூரம் போகவும் வேண்டாம். திண்டிவனத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கு நிரலாக்கத்தை ஹாஸ்கெலில் தொடங்கிக் கற்பித்தார்கள். அங்குள்ள மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் என்பிடெல் வழியாக நடத்திய ஹாஸ்கெல் பாடம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடைக்கிறது. கணக்கு தெரிந்தவருக்கு நிரலாக்கத்தை எப்படி அறிமுகம் செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிட நேரான பாடத்தை நான் பார்த்ததில்லை. சென்னை ஐஐடியில் கே.சி. சிவராமகிருஷ்ணன் நிரலாக்க முறைமைகள் பாடத்தை ஓகேமலையும் புரோலாகையும் கொண்டு கற்பித்திருக்கிறார். அவருடைய ஆய்வைப் பற்றி இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஓகேமல் 1996-இல் வந்த மொழி. பல உள்ளகங்கள் கொண்ட செயலிகள் எங்கும் பரவிய பிறகும் ஓகேமல் நிரலால் ஒரே நேரத்தில் ஓர் உள்ளகத்தைத்தான் பயன்படுத்த முடிந்தது. பயன்பாடு முடிந்த நினைவகத்தைத் திரும்ப எடுக்கும் பகுதி, ஓர் உள்ளகத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருந்தது. அதை மாற்ற வேண்டும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் லட்சக்கணக்கான வரி நிரல்கள் உடையவும் கூடாது, மெதுவாகவும் கூடாது. கேம்பிரிட்ஜில் தொடங்கிய இந்தப் பணியில் சிவராமகிருஷ்ணனும் அவருடைய சென்னைக் குழுவும் முக்கியப் பங்கு வகித்தார்கள். 2020-இல் சார்பு நிரலாக்கத்துக்கான ஐசிஎஃப்பி மாநாட்டில் அதன் வடிவமைப்பு கட்டுரையாக வந்தது. 2022 டிசம்பரில் ஓகேமல் 5.0 வெளியானது. 2023-இல் ஓகேமலுக்குக் கிடைத்த ஏசிஎம் சிக்பிளான் மென்பொருள் விருதைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். விழுப்புரத்தில் காலை ரயில் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் ஊரில் நடந்த வேலை இது. இந்த மொழிகளின் தொகுப்பிகள் எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். நம் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் பழைய லினக்ஸ் கணினியிலும் ஓடும். கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களிடம் கொண்டுசெல்லும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவின் இளைஞர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஆய்வு மாணவர்கள் அவர்களோடு உட்கார வேண்டும்.

இந்த மண்ணோடு தொடர்புள்ள ஒரு செய்தியையும் நினைவூட்ட வேண்டும். 1910-இல் வேலை தேடிக்கொண்டிருந்த இராமானுஜன் தன் குறிப்பேடுகளோடு திருக்கோவிலூருக்குப் போனார். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், 2019 வரை விழுப்புரம் மாவட்டம். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. இராமசாமி ஐயர் அங்கே துணை ஆட்சியராக இருந்தார். குறிப்பேடுகளைப் பார்த்து வியந்தவர், சென்னையில் இருந்த கணித அன்பர்களிடம் இராமானுஜனை அனுப்பி வைத்தார். அந்தக் குறிப்பேடுகளில் முடிவுகள் இருந்தன, நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. அவற்றுக்கு நிறுவல் எழுதி முடித்த புரூஸ் பெர்ண்ட்டின் ஐந்து தொகுதிகள் 1985-இலிருந்து 1998 வரை வெளிவந்தன. இராமானுஜன் எழுதியது முடிவாகவே நின்றாலும் அடுத்தவர் அமர்ந்து நிறுவ முடிந்தது. நாம் 94.2 என்று எழுதிவிட்டு நிரலைத் தொலைத்தால் எந்த பெர்ண்ட்டாலும் அதை மீட்க முடியாது. நிரலும் நிறுவலும் ஒன்றாக வளர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சேவியர் லெராயின் காம்ப்செர்ட் ஒரு சான்று. சி மொழிக்கான அந்தத் தொகுப்பி காக் என்ற நிறுவல் கருவியில் எழுதப்பட்டு, கணிதமுறைப்படி நிறுவப்பட்டது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2011-இல் தற்போக்காக சி நிரல்களை உண்டாக்கித் தொகுப்பிகளைச் சோதித்தார்கள். பெயர்பெற்ற தொகுப்பிகளில் 325-க்கும் மேற்பட்ட பிழைகள் சிக்கின. காம்ப்செர்ட்டின் நிறுவப்பட்ட பகுதியில், நிரலைத் தவறாக மொழிபெயர்க்கும் பிழை ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி, தடைகள். சார்பு நிரலாக்கம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய அணியின் ஓர் எண்ணை மாற்ற முழு அணியையும் படியெடுத்தால் நினைவகம் தாங்காது. ஆய்வின் உள்மடக்கு சியிலோ பைத்தானின் நம்பை நூலகத்திலோ இருப்பதே சில இடங்களில் சரி. ஹாஸ்கெல் தேவைப்படும் வரை எதையும் கணக்கிடாத மொழி. அதனால் ஒரு நிரல் எவ்வளவு நினைவகம் எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது பழகியவர்களுக்கே கடினம். ஆகவே ஓட்ட நேரத்தை அளந்து கட்டுரை எழுதுபவருக்கு ஓகேமல் பொருந்தும். இனங்களோடு சிந்திக்கப் பழக வேண்டியவருக்கு ஹாஸ்கெல். கோப்பைப் படிப்பது போன்ற வெளிவேலைகளைத் தூய நிரலுக்குள் கையாள உதவும் மோனாடு என்ற கருத்தை முதல் மாதத்தில் தொடவே கூடாது. ஆர்வத்தோடு வந்த எத்தனையோ பேரை அந்த ஒரு சொல் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. கோப்பைப் படிப்பது, எழுதுவது எல்லாம் நிரலின் ஓரத்தில் இருக்கட்டும், கணக்கு நடுவில் தூய்மையாக இருக்கட்டும் என்ற ஏற்பாட்டோடு இரண்டு மாதம் நடத்தலாம். அதற்குள் மோனாடு தேவைப்படும் நாளை மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.

நேரமில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் தடை. அதில் உண்மை இருக்கிறது. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்துக்கொண்டு பகுதிநேர ஆய்வு செய்யும் உதவிப் பேராசிரியர்கள் இந்த அரங்கில் பலர். அவர்களிடம் இன்னொரு பாடத்தைச் சுமத்துவது அறமாகாது. ஆகவே ஏற்கெனவே கட்டாயமாக இருக்கும் நேரத்துக்குள் இதை வைக்கச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வாளர் குறைந்தது 12 மதிப்பலகுக்குப் பாடப்பணி முடிக்க வேண்டும். அதில் ஒரு தாளை இதற்கு ஒதுக்கலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று சேர்ந்து நடத்தினால், ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு மூன்று பேராக இருக்கும் ஆய்வாளர்கள் ஒரு வகுப்பாக அமர முடியும். பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவு. கற்பிப்பது தமிழில் நடக்கட்டும், படிக்கும் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நெறியாளர்களும் மாணவர்களோடு அதே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாணவரின் நிரலைப் படிக்கத் தெரியாத நெறியாளர் அட்டவணைக்குக் கையெழுத்துப் போடும் நிலை தொடரக் கூடாது.

முதல் சனிக்கிழமை எல்லோரும் தங்கள் கடைசிக் கட்டுரையின் ஒரே ஓர் அட்டவணையையும், அதை உண்டாக்கிய நிரலையும் கொண்டுவர வேண்டும். அடுத்த வாரங்களில் அதன் நடுப்பகுதியைத் தூய சார்புகளாகத் திருப்பி எழுத வேண்டும். இனங்களைக் குறிக்க வேண்டும், மூன்று விதிகளையாவது பண்புச் சோதனைக்கு எழுத வேண்டும். பருவத்தின் முடிவில் எழுத்துத் தேர்வு வேண்டாம். திண்டிவனத்து மாணவரின் நிரலை விழுப்புரத்து மாணவர், எழுதியவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், தன் கணினியில் இயக்க வேண்டும். விழுப்புரத்து மாணவரின் நிரலைத் திண்டிவனத்தவர் இயக்க வேண்டும். அதே அட்டவணை வந்தால் எழுதியவர் தேர்ச்சி. வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்து எழுதித் தரும் அறிக்கைக்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். அடுத்த பருவமே தொடங்க இரண்டு ஊர்க் கல்லூரிகளின் துறைத்தலைவர்கள் ஒப்புக்கொண்டால், முதல் நான்கு வகுப்புகளை எடுக்க நான் வருகிறேன்.